முதல் ஒத்திகையே அரங்கேற்றமா?

சென்னையிலிருந்து மதுரைக்குக் கிளம்பும் விமானத்தில் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். கேப்டன் மைக்கில் பேசுகிறார்: 'வணக்கம். நடுவானத்தில் இன்ஜின் நின்றுபோனால் என்ன செய்ய வேண்டும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறேன். கையால் செய்து பார்த்தது மட்டும் கிடையாது. நேற்று காலையிலிருந்து நான் தூங்கவும் இல்லை. உங்கள் பயணம் இனிதாகட்டும்.'

அடுத்த நிமிடம் கதவைத் திறக்கச் சொல்லிக் கத்துவீர்களா, மாட்டீர்களா?

பயப்படாதீர்கள். அப்படி ஒரு கேப்டன் உங்களுக்கு வாய்க்க மாட்டார். நம் நாட்டில் விமானிகள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிமுலேட்டரில் உட்கார்ந்து, இன்ஜினில் தீப்பிடித்தால் என்ன செய்வார் என்பதைச் செய்து காட்டியாக வேண்டும். இருபது வருட சர்வீஸ் இருந்தாலும் விலக்கு கிடையாது. செய்து காட்டவில்லையா, விமானத்தைத் தொட முடியாது.

இனி விமான நிலையத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

ஏதோ ஒரு மாவட்டத் தலைநகர். அரசு மருத்துவக் கல்லூரி. குழந்தைகள் வார்டு. ராத்திரி இரண்டரை மணி. ஐந்து வயசுப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு அம்மா ஓடி வருகிறார். 'நாலு நாளா காய்ச்சல் டாக்டரம்மா. நேத்து சாயங்காலம் விட்டுடுச்சு. அப்பாடான்னு இருந்தோம். இப்ப கை காலெல்லாம் ஜில்லுன்னு ஆயிடுச்சு. கூப்பிட்டா முழிச்சுப் பாக்க மாட்டேங்குறா.'

எதிரே நிற்பவர் எம்.டி. குழந்தை மருத்துவம் படிக்கும் பி.ஜி. மாணவி. வயசு இருபத்தாறோ, இருபத்தேழோ. நேற்று காலையில் டூட்டிக்கு வந்தவர். பேராசிரியர் வீட்டில் இருக்கிறார். போன் செய்யலாம், எடுப்பார். ஆனால், அந்தக் குழந்தைக்கு அடுத்த பத்து நிமிடத்தில் எது நடந்தாலும் அது இந்தப் பெண்ணின் கையால்தான் நடக்க வேண்டும்.

இந்தக் காட்சி என் கற்பனைதான். ஆனால் டெங்கு சீசனில் எந்த அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதன் ஏதாவது ஒரு பிரதியை நீங்கள் பார்க்கலாம். என் கேள்வி ஒன்றே ஒன்று. இந்தப் பத்து நிமிடத்தை அந்த டாக்டர் இதற்கு முன் ஒரு பொம்மை மீதாவது ஒத்திகை பார்த்திருக்கிறாரா? பல இடங்களில் பதில், இல்லை என்பதுதான். ஒத்திகையே இல்லாமல் நேராக அரங்கேற்றம். அதுவும் ஒரு நிஜக் குழந்தையின் மேல்.

*

'டாக்டருக்குப் படிச்சவங்களுக்கு இது தெரியாதா?' என்று கேட்பீர்கள். தெரியும். தெரிவது வேறு, கை வருவது வேறு. குழந்தை விஷயத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது.

பெரியவர்களுக்கு இதயம் நின்றால் பெரும்பாலும் கோளாறு இதயத்திலேயே இருக்கும். குழந்தைகளின் இதயம் பெரும்பாலும் நல்ல இதயம். மூச்சுத் திணறலோ, ரத்த ஓட்டக் குறைவோ மெல்ல மெல்ல முற்றி, கடைசியில்தான் இதயம் நிற்கிறது. நின்ற பிறகு மீட்பது கஷ்டம். நிற்பதற்கு முன்பே, 'இந்தக் குழந்தை சரிந்துகொண்டிருக்கிறது' என்று கண்டுபிடிப்பதில்தான் வித்தை இருக்கிறது. ரத்த அழுத்தத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாமா என்றால், அது ஏமாற்றும். குழந்தையின் உடம்பு நாடித் துடிப்பைக் கூட்டி, கை கால் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, பி.பி.யைக் கடைசி வரை விடாமல் பிடித்து நிறுத்தும். பி.பி. விழுந்துவிட்டது என்று மெஷின் சொல்லும்போது நாம் மலையின் விளிம்பில் நிற்கிறோம்.

டெங்கு இன்னும் பெரிய ஏமாற்றுக்காரன். காய்ச்சல் இறங்கும் நேரம்தான் அதில் ஆபத்தான நேரம். ரத்தக் குழாயிலிருந்து நீர்ச்சத்து கசிந்து வெளியேறும். நாமெல்லாம் பிளேட்லெட் எண்ணிக்கையை கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி விசாரித்துக்கொண்டிருப்போம். குழந்தைக்கு அப்போது வேண்டியது அளவான திரவம். குறைத்துக் கொடுத்தால் ஷாக். கூட்டிக் கொடுத்தால் நுரையீரலில் நீர். மணிக்கு மணி பார்த்து, கூட்டி, குறைத்து, மறுபடி பார்க்க வேண்டும்.

புத்தகத்தில் இருப்பதை அப்படியே செய்தால் போதாதா? போதாது. 2011-ல் உகாண்டா, கென்யா, தான்சானியா நாடுகளில் 3,141 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குறைந்து வந்த குழந்தைகளுக்கு, அன்றைய வழக்கப்படி நரம்பு வழியே வேகமாகத் திரவம் ஏற்றியதில், 48 மணி நேரத்துக்குள் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இறந்தார்கள். அப்படி வேகமாக ஏற்றாத குழந்தைகளில் இறந்தவர்கள் ஏழு பேர் சொச்சம். உலகமே உயிர் காக்கும் என்று நம்பிய வைத்தியம், ஐ.சி.யூ. வசதி இல்லாத இடங்களில் உயிரை எடுத்திருக்கிறது. ஆகவே மனப்பாடம் உதவாது. கொடு, பார், யோசி, மறுபடி கொடு. இந்தப் பழக்கம் கைக்கும் கண்ணுக்கும் வர வேண்டும்.

கணக்கு வேறு இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு ஆம்பூல் என்று போய்விடலாம். குழந்தைக்கு எல்லாமே எடைக்கு எடை. அட்ரினலின் என்றால் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். குழந்தையின் எடை எவ்வளவு? நிறுத்துப் பார்க்க நேரமில்லை, மதிப்பிட வேண்டும். பெருக்க வேண்டும். நீர்த்து, சிரிஞ்சில் இழுக்க வேண்டும். தசமப் புள்ளி ஓரிடம் தள்ளினால் மருந்து பத்து மடங்கு. நான் காமர்ஸ் படித்தவன். பகலில், ஃபேன் காற்றில், கால்குலேட்டர் வைத்துக்கொண்டே டிரையல் பேலன்ஸை டேலி ஆகாமல் விட்ட ஆட்களை ஆயிரம் பேர் எனக்குத் தெரியும். இங்கே தூங்காத கண்ணோடு, அழுகிற அம்மா பக்கத்தில் நிற்க, மனக்கணக்கு.

*

'நம்ம ஊர்ல டாக்டருங்க சரியில்ல' என்று யாரும் கிளம்ப வேண்டாம். 2009-ல் வெளியான ஒரு ஆய்வைச் சொல்கிறேன். இடம், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ். உலகத்தின் பெரிய பெரிய டாக்டர்கள் உருவாகும் இடம். அங்கே குழந்தை மருத்துவம் பயிலும் 70 ரெசிடென்ட் டாக்டர்களுக்கு பொம்மையை வைத்து ஒரு சோதனை. நாடி நின்றுவிட்டது, என்ன செய்வீர்கள்? 46 பேர் முதல் ஒரு நிமிடத்துக்குள் மார்பை அழுத்தத் தொடங்கவில்லை. 23 பேர் கடைசி வரை அழுத்தவே இல்லை. மூன்று நிமிடத்துக்குள் ஷாக் கொடுத்தவர்கள் பாதிக்குச் சற்று மேல்.

இவர்கள் யாரும் மக்குகள் இல்லை. பிரச்னை, கற்றுக்கொடுத்த விதத்தில் இருந்தது.

உலகமெங்கும் இதற்கென்று ஒரு கோர்ஸ் இருக்கிறது. பெரும்பாலும் இரண்டு நாள். பொம்மை, லெக்சர், ஒரு டெஸ்ட், குரூப் போட்டோ, சர்ட்டிஃபிகேட். சர்ட்டிஃபிகேட்டுக்கு ஆயுள் இரண்டு வருடம். கற்ற கைத்திறனுக்கு ஆயுள்? சில மாதங்களிலேயே தேய ஆரம்பித்துவிடுகிறது என்று ஆய்வுக்கு மேல் ஆய்வு சொல்லிவிட்டது. எங்கள் காமர்ஸ் பாஷையில் இதற்குப் பெயர் டிப்ரிசியேஷன். மெஷின் வாங்கிய அன்றே அதன் மதிப்பு குறையத் தொடங்கும். அதை வருடா வருடம் கணக்கில் எழுதாத கம்பெனியின் பேலன்ஸ் ஷீட் பொய். டாக்டரின் கைத்திறனுக்கு டிப்ரிசியேஷன் போடாமல், சர்ட்டிஃபிகேட்டை ஃபிரேம் போட்டு மாட்டும் ஆஸ்பத்திரியின் பேலன்ஸ் ஷீட்டும் அப்படித்தான்.

அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பிறகு முறையை மாற்றினார்கள். நம்ம ஊர் பாட்டு வாத்தியார் முறை! ஸ்வரம் தவறினால் வாத்தியார் கச்சேரி முடியும் வரை காத்திருந்து விமர்சனம் எழுதிக் கொடுப்பாரா? அந்த இடத்திலேயே நிறுத்துவார். 'எங்க, மறுபடி பாடு' என்பார். சரியாக வரும் வரை விட மாட்டார். அதே மாதிரி, ரெசிடென்ட் தப்பு செய்த நொடியில் நிறுத்தி, திருத்தி, பத்து நொடி பின்னால் போய் மறுபடி செய்யச் சொன்னார்கள். இப்படிப் பயிற்சி பெற்றவர்கள் முன்பிருந்தவர்களைவிடச் சீக்கிரமாக ஷாக் கொடுத்தார்கள் என்று 2014-ல் எழுதினார்கள்.

பொம்மை பிழைத்தது சரி, குழந்தை பிழைத்ததா? மிச்சிகன் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியின் அனுபவம் 2011-ல் வெளியானது. முன்னறிவிப்பில்லாமல், வார்டிலேயே அடிக்கடி ஒத்திகை நடத்தினார்கள். இதயம் நின்ற குழந்தைகளில் பிழைத்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு என்றிருந்தது, ஏறக்குறைய பாதியாக உயர்ந்து அங்கேயே நிலைத்தது. ஒத்திகை ஒன்றுதான் காரணம் என்று சத்தியம் செய்ய முடியாது, மற்ற மாற்றங்களும் இருந்திருக்கலாம். ஆனால் இவ்வளவு பெரிய வித்தியாசம் வரக்கூடும் என்று தெரிந்த பிறகும் முயற்சி செய்து பார்க்காமல் இருப்பதற்கு என்ன நியாயம்?

*

நியாயங்கள் தயாராக இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'பணம் இல்லை சார்.' இது முதல் பல்லவி. உயிர் மீட்புப் பயிற்சிக்கான பொம்மையைச் செய்தவர் யார் தெரியுமா? அஸ்முண்ட் லேர்டால் என்கிற நார்வே நாட்டு விளையாட்டுப் பொம்மை வியாபாரி. 1960-ல் வந்தது அந்தப் பொம்மை. அந்த முயற்சிக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் பீட்டர் சாஃபர் என்ற அமெரிக்க டாக்டர். வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்கும் முறையை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியவர். 1966-ல் அவருடைய சின்ன மகள் ஆஸ்துமாவில் இறந்துபோனாள். அந்தத் துக்கத்தோடு அவர் செய்த காரியம், அவசர சிகிச்சையைத் தெருவுக்கே கொண்டுபோகும் ஆம்புலன்ஸ் ஊழியர்களைப் பயிற்றுவித்தது. கோடி ரூபாய் சிமுலேட்டர் வாங்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சாதாரணப் பொம்மை, பலூன் பை, மாஸ்க், ஒரு ஸ்டாப்வாட்ச் போதும்.

இன்னும் சந்தேகமா? மலாவி என்று ஆப்பிரிக்காவில் ஒரு ஏழை நாடு. அங்கே பிளான்டயர் நகர அரசு ஆஸ்பத்திரியில் 2001 வாக்கில் ஒரு மாற்றம் செய்தார்கள். வரிசையில் நிற்கும் குழந்தைகளில் யார் உடனடி ஆபத்தில் இருக்கிறார்கள் என்று முதலில் பிரித்தெடுக்க ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். வேலை நடக்கும் வரிசையை மாற்றினார்கள். அதற்கு முன் நூற்றுக்குப் பத்து முதல் பதினெட்டு வரை இருந்த குழந்தைகள் இறப்பு, ஆறிலிருந்து எட்டு என்று இறங்கியது. மலாவியிடம் இருந்த பணம்கூடவா நம்மிடம் இல்லை? 2022 ஜனவரியில் ஒரே நாளில் பதினோரு புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளைத் திறந்த மாநிலம் இது. ரிப்பன் வாங்கக் காசு இருந்தது. பொம்மை வாங்க இருக்காதா?

'நாங்கள்லாம் இப்படித்தான் கத்துக்கிட்டோம்.' இது சீனியர்களின் சரணம். வாஸ்தவம். நீங்கள் கற்றுக்கொண்டீர்கள். யார் மேல் கற்றுக்கொண்டீர்கள்? அந்தக் கணக்கு எந்த நோட்டிலும் இல்லை. லாபத்தை மட்டும் எழுதி நஷ்டத்தை எழுதாமல் விடுவதற்கு எங்கள் படிப்பில் வேறு பெயர் உண்டு.

'நேரம் இல்லை. வார்டு வேலையே முடியல.' இதில் உண்மை இருக்கிறது. அதனால்தான் கோபம் வருகிறது. மத்திய அரசு 1992-லேயே, ரெசிடென்ட் டாக்டர்களுக்கு வாரத்துக்கு 48 மணி நேரம், ஒரே மூச்சில் 12 மணி நேரம் என்று வரம்பு கட்டி உத்தரவு போட்டது. அது காகிதத்தில் நிம்மதியாகத் தூங்குகிறது, டாக்டர்கள்தான் தூங்கவில்லை. 2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, வாரம் 74 மணிக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. 32 வருடத்தில் 48 வளர்ந்து 74 ஆகியிருக்கிறது. பணவீக்கம் டூட்டியையும் விடவில்லை! அதே 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் பயிற்சி டாக்டர் கொலை செய்யப்பட்டபோது, 36 மணி நேர டூட்டிகள் பற்றி உச்ச நீதிமன்றமே கவலைப்பட்டது. நாம் இரண்டு வாரம் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டோம்.

டூட்டி நேரத்தை மட்டும் வெட்டினால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. அமெரிக்க ஐ.சி.யூ.க்களில் நடந்த ஆய்வு ஒன்று, நீண்ட டூட்டி பார்த்தவர்கள் 36 சதவிகிதம் அதிகமாகக் கடும் தவறுகள் செய்ததாக 2004-ல் சொன்னது. அதே ஆராய்ச்சியாளர்கள் பிறகு ஆறு குழந்தைகள் ஐ.சி.யூ.க்களில் 24 மணி நேர டூட்டியை ஒழித்துப் பார்த்தார்கள். 2020-ல் வந்த முடிவு அவர்களுக்கே அதிர்ச்சி. தவறுகள் கூடியிருந்தன! ஏன்? டூட்டியைக் குறைத்த ஆஸ்பத்திரிகள் ஆளைக் கூட்டவில்லை. ஒரு டாக்டர் தலையில் சராசரியாக 6.7 குழந்தைகள் என்றிருந்தது 8.8 ஆகிவிட்டது. தூங்க விட்டார்கள், சுமையை ஏற்றிவிட்டார்கள். அந்தச் சுமை வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால், தவறுகள் கூடியதாகச் சொல்ல முடியவில்லை. ஆக, மணிக்கணக்கும் வேண்டும், தலைக்கணக்கும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைப் பிடுங்குவது நம் அதிகாரிகளுக்குச் சொல்லித்தர வேண்டிய கலை இல்லை என்பதால் இதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

*

இதைப் படிக்கும் உங்களில் சிலர் மனசுக்குள், 'நாம ஏன் ஜி.எச். போகப் போறோம்? நமக்குத்தான் மெடிக்ளெய்ம் இருக்கே' என்று நினைக்கிறீர்கள். கண்ணாடிக் கட்டடத்து கார்ப்பரேட் ஆஸ்பத்திரியில் ராத்திரி இரண்டரை மணிக்கு உங்கள் பிள்ளையைப் பார்க்கப்போகும் டூட்டி டாக்டர் எங்கிருந்து வருகிறார்? பெரும்பாலும் ஏதோ ஒரு மருத்துவக் கல்லூரியின் இதே மாதிரி வார்டிலிருந்துதான். போர்டில் பெயர் போட்டிருக்கும் பெரிய டாக்டர் காலை பத்து மணிக்குத்தான் ரவுண்ட்ஸ் வருவார். அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்காத பயிற்சி, வட்டியோடு உங்கள் வாசலுக்கு வந்து சேரும்.

நல்லது எதுவுமே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் பல வருடமாக உயிர் மீட்புப் பயிற்சி நடத்துகிறது. தமிழ்நாட்டில் 2020-ம் ஆண்டுக் கணக்கின்படி, ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஒரு வயதுக்குள் இறப்பவர்கள் 13. இந்திய சராசரி 28. பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் தடுப்பூசி, பிரசவம், ஊட்டச்சத்து என்று வெளியே செய்யக்கூடியதைச் செய்து இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். மிச்சமிருக்கும் 13-ல் பலருக்கு விடை ஆஸ்பத்திரிக்கு உள்ளேதான் இருக்கிறது, அந்த முதல் பத்து நிமிடத்தில்.

புலம்பல் போதும். கோரிக்கைகளுக்கு வருகிறேன்.

1. குழந்தை மருத்துவ பி.ஜி. மாணவர் யாரும் உயிர் மீட்புப் பயிற்சியை முடிக்காமல் தனியாக ராத்திரி டூட்டி பார்க்கக் கூடாது. பச்சிளம் குழந்தைக்கு ஒன்று, வளர்ந்த குழந்தைக்கு ஒன்று என இரண்டும் வேண்டும். செலவு அரசுடையது. ஸ்டைபெண்டிலிருந்து மாணவர் கட்டுவது அநியாயம்.

2. வாரம் ஒரு ஒத்திகை. ஸ்கில் லேபில் ஏ.சி. போட்டு நடத்துவது போதாது. வார்டிலேயே, சொல்லாமல் கொள்ளாமல், சில நாள் நடுராத்திரியிலும் நடக்க வேண்டும். நர்ஸும், வார்டு ஊழியரும் சேர்ந்து. அப்போதுதான் லாரிங்கோஸ்கோப்பில் பல்பு எரியவில்லை, சின்ன சைஸ் மாஸ்க்கை யாரோ பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள் என்பதெல்லாம் தெரியவரும். ஒத்திகையோடு இனாமாக ஸ்டாக் டேக்கிங்!

3. ராத்திரி முழுக்க ஒரு சீனியர் டாக்டர் கட்டடத்துக்குள் இருக்க வேண்டும். போனில் இருப்பது இருப்பதாகாது.

4. ஒரு டாக்டருக்கு இத்தனை குழந்தைகள்தான், இத்தனை மணி நேரம்தான் என்று இரண்டு எண்களையும் சேர்த்தே நிர்ணயிக்க வேண்டும்.

5. வார்டில் ஒரு குழந்தை இறந்தால், இரண்டு நாளுக்குள் குழுவாக உட்கார்ந்து நிமிடம் நிமிடமாகப் பேச வேண்டும். யாரைத் தண்டிப்பது என்ற பேச்சு அங்கே கூடாது. எது தாமதமானது, ஏன், அடுத்த முறை யார் என்ன செய்வது என்பது மட்டும்.

6. எம்.டி. பரீட்சையில் பெரிய மார்க் லாங் கேஸுக்கும் ஷார்ட் கேஸுக்கும் போகிறது. போகட்டும். உயிர் மீட்பைச் செய்து காட்டுவதை அதற்குள் கரைத்துவிடாமல், தனியாகப் பாஸ் செய்ய வேண்டிய பகுதி ஆக்குங்கள்.

7. பேராசிரியர் வந்தாரா என்று ஆதார் வழியே வருகைப் பதிவு பார்க்கும் மருத்துவ ஆணையம், அந்தக் கல்லூரியில் வருடத்துக்கு எத்தனை ஒத்திகை நடந்தது என்பதையும் கேட்டு, எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். எண்ணப்படாத எதுவும் நம் நாட்டில் நடப்பதில்லை.

இந்த ஏழில் எதற்கும் புதுக் கண்டுபிடிப்பு தேவையில்லை. சட்டத் திருத்தமோ, வெளிநாட்டுச் சுற்றுப்பயணமோ தேவையில்லை. 2, 5 இரண்டையும் ஒரு துறைத் தலைவர் மனசு வைத்தால் வருகிற திங்கட்கிழமையே ஆரம்பித்துவிடலாம்.

குழந்தை இறந்தால் ஆத்திரத்தில் நாம் யாரை அடிக்கப் போகிறோம்? தூங்காத, சொல்லித்தரப்படாத, அந்த நேரத்தில் அங்கே நின்ற ஒரே காரணத்துக்காக மாட்டிக்கொண்ட அந்த இளம் டாக்டரை. அவர்களைத் தாக்கினால் தண்டிக்க 2008-லேயே தமிழ்நாட்டில் சட்டம் போட்டாயிற்று. அடி விழுந்த பிறகு காப்பாற்றச் சட்டம் இருக்கிறது. அந்த நிலைமை வராமல் காப்பாற்றும் பயிற்சிக்குத்தான் யாரும் கையெழுத்துப் போடவில்லை.

அடுத்த முறை உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் புதுக் கட்டடம் திறக்க மந்திரி வருவார். எத்தனை கோடி, எத்தனை படுக்கை, எத்தனை வென்ட்டிலேட்டர் என்று பட்டியல் வாசிப்பார். கைதட்டுங்கள், தப்பில்லை. தட்டி முடித்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்.

'குழந்தைகள் வார்டில் கடைசியாக ஒத்திகை நடந்த தேதி என்ன?'